ஓட்டுவதற்கு முன் ஒரு கணக்கு

காலநிலைத் தரவில் வேலை தொடங்கும் மாணவருக்கு முதல் நாளில் கொடுக்க வேண்டிய பயிற்சி ஒரு பெருக்கல் கணக்கு. ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையம் வெளியிடும் எரா-5 தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம். பழைய அளவீடுகளையும் வானிலை மாதிரி ஒன்றையும் இணைத்து, 1940 முதல் வளிமண்டலம் மணிக்கு மணி எப்படி இருந்திருக்கும் என்று மறுபடி கட்டித் தரும் தொகுப்பு அது. பயனர்களுக்குக் கிடைக்கும் வடிவத்தில் பூமிப்பரப்பு கால் பாகை இடைவெளியில் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: வடக்கு தெற்காக 721, கிழக்கு மேற்காக 1,440, ஆக 10,38,240 புள்ளிகள். ஆண்டுக்கு 8,760 மணி. ஒரு மதிப்பைச் சேமிக்க 4 பைட். எல்லாவற்றையும் பெருக்கினால், தரையையொட்டிய வெப்பநிலை என்ற ஒரே ஓர் அளவுக்கு ஓராண்டில் 36 ஜிகாபைட். 80 ஆண்டுக்கு ஏறத்தாழ 2.9 டெராபைட். காற்று, ஈரப்பதம், அழுத்தம், உயரவாரியான அடுக்குகள் எல்லாம் இனிமேல்தான்.

16 ஜிகாபைட் நினைவகம் உள்ள மடிக்கணினியில் அந்த ஓராண்டே முழுசாக ஏறாது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த மாணவருக்குத் தான் ஏன் சூப்பர் கம்ப்யூட்டருக்கு வந்திருக்கிறோம் என்பது புரியும். போடாதவர் எல்லாக் கோப்புகளையும் ஒரே கட்டளையில் திறந்து சராசரி கேட்பார்; கணினி மூச்சுத் திணறி நிற்கும்; தன் நிரலில்தான் ஏதோ பிழை என்று இரண்டு நாள் தேடுவார். நிரலில் பிழையே இருக்காது.

இந்தத் துறையில் வழிகாட்டலின் பெரும்பகுதி இதைப் போன்ற முன்கணக்குகளைப் பழக்குவதுதான். நிரல் எழுதப் பாடநூல்கள் உண்டு, காலநிலை இயற்பியலுக்கும் உண்டு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பது மட்டும் பெரும்பாலும் ஆள் வழியாகவே கைமாறி வந்திருக்கிறது. கணினியில் செய்யப்பட்ட முதல் வானிலை முன்கணிப்பே அப்படித்தான் நடந்தது. 1950 மார்ச்சில் ஜூல் சார்னியின் தலைமையிலான வானிலையாளர்கள் அமெரிக்காவின் அபர்டீன் நகரில் இருந்த எனியாக் கணினிக்குப் போனபோது, அந்த இயந்திரத்தை எப்படிப் பணிய வைப்பது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் கிளாரா வான் நாய்மன். அவர்கள் எழுதிய நிரலைச் சரிபார்த்ததும் அவரே. 24 மணி நேர முன்கணிப்பு ஒன்றைக் கணக்கிட ஏறத்தாழ 24 மணி நேரம் ஆயிற்று. வானிலையும் கணினியும் சமவேகத்தில் ஓடின என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனாலும் அது சாதனைதான்.

அந்தக் கைமாற்றத்தை ஒழுங்கான பயிற்சியாக ஆக்கிய இடங்களில் முக்கியமானது அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் போல்டரில் உள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சி மையம், சுருக்கமாக என்கார். 1960இல் தொடங்கப்பட்ட நிறுவனம். கட்டடக் கலைஞர் ஐ.எம். பெய் வடிவமைத்த அதன் மேசா ஆய்வகம் ராக்கி மலையடிவாரத்தில் நிற்கிறது. கிரே-1 வகைக் கணினிகளில் மிக ஆரம்பத்தில் செய்யப்பட்ட ஒன்றை 1977இலேயே வாங்கிய மையம் இது. கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்களையும் ஆராய்ச்சி மாணவர்களையும் அழைத்து, ஒரு திட்டமும் அதற்கு வழிகாட்டிகளும் கொடுத்து வேலை வாங்கும் சிப்பார்க்ஸ் என்ற பயிற்சித் திட்டத்தை 2007 முதல் நடத்திவருகிறது. ஏறத்தாழ 11 வாரம். ஒரு மாணவருக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகாட்டிகள் இருப்பார்கள். ஒருவர் கணினிப் பக்கம், இன்னொருவர் அறிவியல் பக்கம் என்று அமைந்துவிட்டால் மாணவருக்கு அதிருஷ்டம். இருவரும் ஒரே கோப்பைப் பார்த்து வேறு வேறு கேள்வி கேட்பார்கள். பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

மாணவர் போல்டரில் உட்கார்ந்திருப்பார். அவர் இயக்கும் இயந்திரம் வடக்கே 150 கிலோமீட்டர் அளவில், வயோமிங் மாநிலத்தின் செயென் நகரில் இருக்கும். 2012இல் திறக்கப்பட்ட அந்தக் கணினி மையத்தில் முதலில் யெல்லோஸ்டோன், 2017இல் செயென், 2023இல் டெரேச்சோ என்று இயந்திரங்கள் மாறி மாறி வந்தன. 1,45,152 கோர்களுடன் (கணக்கிடும் அலகுகளுடன்) ஒரு காலத்தில் உலகின் முன்வரிசையில் இருந்த செயென், குளிரூட்டும் நீர் கசிந்ததும் நினைவகப் பழுதுகள் கூடியதுமாகத் தள்ளாடி, ஓய்வு பெற்ற கையோடு 2024இல் அரசு ஏலத்தில் 4,80,085 டாலருக்குப் போயிற்று. ஆறேழு ஆண்டில் காயலான் கடைக்குப் போகும் ஓர் இயந்திரத்தின் தனிக்குணங்களை மாணவர் மனப்பாடம் செய்வதில் பொருளில்லை. அடுத்த இயந்திரத்துக்கும் செல்லுபடியாகும் பழக்கம் எது என்று பிரித்துக் காட்டுவது வழிகாட்டியின் பொறுப்பு.

டெரேச்சோவில் 2,488 சாதாரண நோடுகள், அதாவது ஒன்றாக இணைக்கப்பட்ட தனித்தனிக் கணினிகள். ஒவ்வொன்றிலும் 128 கோர்கள், 256 ஜிகாபைட் நினைவகம். இவை தவிர 82 நோடுகளில் நான்கு நான்காக 328 ஜிபியூக்கள் (வரைகலைச் செயலிகள்). வெளியிலிருந்து நுழைபவர் முதலில் வந்து நிற்பது லாகின் நோடு எனப்படும் பொது வாசலில். கனமான கணக்கை அங்கேயே ஓட்டிவிடுவது புது மாணவர்கள் எல்லா மையங்களிலும் செய்யும் தவறு. நூறு பேர் நிற்கும் வாசலில் ஒருவர் கடைபரப்பினால் எல்லோருக்கும் வேகம் குறையும். நிர்வாகி அந்த நிரலை நிறுத்திவிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புவார். வேலைக்குறிப்பு ஒன்றை எழுதி வரிசையில் போட வேண்டும் என்பதும், எத்தனை நோடு, எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதும் அப்போது தெரியவரும். குறைத்துச் சொன்னால் நேரம் தீர்ந்ததும் வேலை பாதியில் வெட்டப்படும். கூட்டிச் சொன்னால் வரிசையில் காத்திருப்பு நீளும்.

கூடவே ஒரு செலவுக் கணக்கும் வரும். டெரேச்சோவில் சாதாரண வரிசையில் ஒரு நோடைக் கேட்டால் முழு நோடும் அவருக்கே. நிரல் ஒரே ஒரு கோரில் ஓடினாலும் 128 கோருக்கும் கணக்கு எழுதப்படும். மூன்று மணி நேரத்துக்கு 384 கோர்-மணி. ஆராய்ச்சிக் குழுவுக்கு ஒதுக்கப்பட்ட பங்கிலிருந்து அது கழியும். சும்மா கிடந்த 127 கோர்களை மாணவருக்குக் காட்டுவதற்கு நோடின் பயன்பாட்டு வரைபடத்தை ஒருமுறை திறந்து வைத்தால் போதும், நீண்ட விளக்கம் தேவைப்படாது.

சரி, 128 கோரையும் பயன்படுத்தினால் 128 மடங்கு வேகம் கிடைக்குமா? ஜீன் ஆம்டால் 1967இல் முன்வைத்த வாதம் இங்கே உதவுகிறது. ஒரு நிரலில் பிரித்துக் கொடுக்க முடியாத பகுதி 5 சதவீதம் என்றால், எத்தனை ஆயிரம் கோர்களைக் கொடுத்தாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது. 128 கோரில் 17 மடங்குதான் வரும். காலநிலைத் தரவுப் பகுப்பாய்வில் அந்தப் பிரிக்க முடியாத பகுதி பெரும்பாலும் கணக்கு சார்ந்ததாகவே இருப்பதில்லை. வட்டிலிருந்து கோப்பைப் படிக்கும் நேரம் அது. சராசரி எடுப்பது கூட்டலும் ஒரு வகுத்தலும்தான். கோர்கள் அதை நொடியில் முடித்துவிட்டு அடுத்த தரவுக்காகக் காத்துக் கிடக்கின்றன. இந்த உண்மை மாணவருக்குச் சற்று ஏமாற்றமாகவே இருக்கும். ஜிபியூவில் ஓட்டப்போகிறோம் என்ற கனவோடு வந்தவரிடம், முதலில் கோப்புக்குள் எண்கள் எந்த வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த அடுக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். காலநிலைத் தரவு வழக்கமாக நெட்சிடிஎஃப் என்ற வடிவத்தில் இருக்கும். அதுவும் போல்டரில் பிறந்ததுதான். பெரும்பாலான கோப்புகளில் முதலில் நேரம், பிறகு அட்சரேகை, பிறகு தீர்க்கரேகை என்ற வரிசை. ஒரு மணி நேரத்துக்கான உலகப் படம் முழுசாக ஓரிடத்தில் இருக்கும், அடுத்து அடுத்த மணியின் படம். தினசரி கிழிக்கும் நாள்காட்டியைப் போல: ஒரு நாளைப் பார்க்க ஒரு தாள் போதும், ஆனால் வருடம் முழுக்க நட்சத்திரத்தை மட்டும் பட்டியலிட வேண்டுமானால் எல்லாத் தாளையும் புரட்டியாக வேண்டும்.

ஒரே ஓர் ஊரின் 80 ஆண்டு வெப்பநிலை வேண்டும் என்று மாணவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தேவையான தரவு 7,00,800 மதிப்புகள், 2.8 மெகாபைட், ஒரு கைப்பேசிப் புகைப்படத்தின் அளவு. கோப்பு ஒவ்வொரு உலகப் படத்தையும் ஒரே துண்டாகச் சுருக்கி வைத்திருந்தால், ஒவ்வொரு துண்டிலிருந்தும் 4 பைட்டை எடுக்க அந்த 4 மெகாபைட் துண்டு முழுவதையும் விரிக்க வேண்டும். 2.8 மெகாபைட்டுக்காக 2.9 டெராபைட்டும் வட்டிலிருந்து இறங்கி வரும். துண்டின் வடிவத்தை மாற்றி, பத்துக்குப் பத்து புள்ளிகளுக்கு ஓராண்டுத் தரவு ஒரு துண்டு என்று அடுக்கினால் துண்டின் எடை கிட்டத்தட்ட அதேதான், 3.5 மெகாபைட். ஆனால் இப்போது 80 துண்டு போதும். படிக்க வேண்டியது 280 மெகாபைட். சுருக்கத்தால் கிடைக்கும் சேமிப்பைக் கணக்கில் எடுக்காமலே இந்த வித்தியாசம்.

இதைக் கண்ட உற்சாகத்தில் மாணவர் எல்லாத் தரவையும் புதிய வடிவத்துக்கு மாற்றத் துடிப்பார். அங்கே ஒரு கேள்வி போட்டு நிறுத்த வேண்டும்: ஒரு புயலின்போது ஒரு குறிப்பிட்ட மணியின் உலகப் படம் தேவைப்பட்டால் என்ன ஆகும்? புதிய அடுக்கில் அந்தப் படம் 10,512 துண்டுகளில் சிதறிக் கிடக்கிறது. 4 மெகாபைட் படத்துக்காக 36 ஜிகாபைட்டுக்கு மேல் படிக்க வேண்டும். இரண்டு அடுக்கில் எது நல்லது என்பதற்குக் கணினியியலில் விடை கிடையாது. ஆராய்ச்சிக் கேள்வி என்ன என்பதில்தான் இருக்கிறது. கணினிப் பக்க வழிகாட்டியும் அறிவியல் பக்க வழிகாட்டியும் ஒரே மேசையில் உட்கார்ந்தே ஆக வேண்டிய இடம் இது. எக்ஸ்அரே, டாஸ்க் போன்ற பைத்தான் கருவிகள் துண்டுகளைப் பல கோர்களுக்குத் தாமாகவே பங்கிட்டுக் கொடுத்து வேலையைப் பெரிதும் எளிதாக்கிவிட்டன, உண்மைதான். அடுக்கு தவறாக இருந்தால் அவையும் அதே 2.9 டெராபைட்டைப் பொறுமையாகப் படித்துக்கொண்டிருக்கும்.

வேகத்துக்குப் பிறகு, விடை சரியா என்ற கேள்வி. கணினியின் கூட்டல் பள்ளிக்கூடக் கூட்டல் அல்ல என்பதைப் பல மாணவர்கள் இங்கேதான் முதன்முதலில் நேரில் பார்க்கிறார்கள். 4 பைட் எண்ணில் 24 பிட் துல்லியம் மட்டுமே உண்டு. உலகின் 10,38,240 புள்ளிகளின் வெப்பநிலையைக் கெல்வினில், சுமார் 288 என்று வைத்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் கூட்டுத்தொகை 27 கோடியைத் தாண்டும். அந்த அளவில் 4 பைட் எண்களுக்கு இடையிலான இடைவெளி 32. அதாவது 290.4 கெல்வின் உள்ள புள்ளியைக் கூட்டினால் சேர்வது 288. 275 உள்ள புள்ளியைக் கூட்டினாலும் அதே 288. குளிர்ந்த இடமும் வெதுவெதுப்பான இடமும் ஒரே எண்ணாகிவிடும். 8 பைட்டில் கூட்டுவதும், சிறு சிறு குழுக்களாகக் கூட்டிப் பிறகு சேர்ப்பதும் இதற்குத் தீர்வு. நல்ல நூலகங்கள் பல இடங்களில் இதைத் தாமே செய்கின்றன. எல்லா இடத்திலும் செய்வதில்லை என்பதுதான் சிக்கல்.

கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறும் என்பது இதன் இன்னொரு முகம். 128 கோர்கள் தத்தம் பகுதியைக் கூட்டி, முடித்தவர் முந்தி என்று சேர்த்தால், இன்றைய விடையும் நாளைய விடையும் பதினைந்தாவது இலக்கத்தில் வேறுபடலாம். சராசரிக்கு அது பொருட்டல்ல. காலநிலை மாதிரியை ஓட்டும்போது பொருட்டு. 1961இல் எட்வர்ட் லோரென்ஸ் தன் சிறு மாதிரியை இடையிலிருந்து மறுபடி ஓட்ட, 0.506127 என்பதற்குப் பதிலாகத் தாளில் அச்சாகியிருந்த 0.506ஐக் கொடுத்தார். சிறிது நேரத்தில் இரண்டு ஓட்டங்களும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் பிரிந்துபோயின. ஒழுங்கின்மைக் கோட்பாட்டின் தொடக்கமாகச் சொல்லப்படும் சம்பவம் இது. லோரென்ஸின் கணினி வேலைகளை அக்காலத்தில் கவனித்தவர் மார்கரெட் ஹாமில்டன். பின்னாளில் அப்பல்லோ விண்கலத்தின் மென்பொருள் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அவர் வேறு வேலைக்குப் போகுமுன் எலன் ஃபெட்டரைப் பயிற்றுவித்து அந்த இடத்தில் அமர்த்திவிட்டுப் போனார். லோரென்ஸின் புகழ்பெற்ற 1963 கட்டுரைக்கான கணக்குகளை நடத்தியவர் ஃபெட்டர்தான்.

லோரென்ஸ் கண்டதை என்கார் ஒரு கருவியாகவே பயன்படுத்துகிறது. அங்கே உருவான பூமி அமைப்பு மாதிரியை, தொடக்க வெப்பநிலையில் 100 லட்சம் கோடியில் ஒரு பங்கு கெல்வின் அளவுக்கு மட்டும் மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டினார்கள். விதிகளும் ஒன்று, கரியமில வாயுவின் அளவும் ஒன்று; ஆனாலும் ஓரிடத்தின் அடுத்த ஐம்பது ஆண்டுப் போக்கு ஓட்டத்துக்கு ஓட்டம் வேறாக வந்தது. இயற்கையின் தற்செயல் எவ்வளவு, மனிதனால் வந்த மாற்றம் எவ்வளவு என்று பிரிப்பதற்கு இத்தகைய பெருந்தொகுதிகள் தேவை. அவற்றில் பிந்தியதில் 100 ஓட்டங்கள் உள்ளன. மாணவர்களுக்குக் கிடைக்கும் திட்டங்களில் பல இந்தத் தொகுதியைச் சுற்றியே அமைவதற்குக் காரணம், 100 ஓட்டங்களும் ஒன்றையொன்று சாராதவை, பிரித்துக் கொடுப்பது சுலபம். இதே அடிப்படையில் இன்னொரு கருவியும் உண்டு. மாதிரியைப் புதிய கணினிக்கு மாற்றினால் இலக்கத்துக்கு இலக்கம் அதே விடை வராது; வந்த வேறுபாடு சிறு மாற்றங்களால் வரும் வழக்கமான சிதறலுக்குள் அடங்குகிறதா என்று புள்ளியியல் முறையில் சோதித்துப் பார்ப்பார்கள். கணினி அறிவியல் மாணவருக்கு இது சற்று அதிர்ச்சியான பாடம். ஒரே நிரல் ஒரே விடை என்று பழகியவர் அவர்.

காலநிலைத் தரவுக்கே உரிய பொறிகள் வேறு. சில மாதிரிகளில் ஆண்டுக்கு 360 நாள், மாதத்துக்கு 30. அங்கே பிப்ரவரி 30 என்று ஒரு நாள் உண்டு. சிலவற்றில் லீப் ஆண்டே கிடையாது. என்காரின் மாதிரி ஜனவரி மாதச் சராசரியைப் பிப்ரவரி 1ஆம் தேதி முத்திரையோடு எழுதும். முத்திரையை நம்பிப் பருவங்களைப் பிரித்த மாணவரின் படத்தில் எல்லாப் பருவமும் ஒரு மாதம் நகர்ந்திருக்கும், படமோ பார்க்க வெகு நேர்த்தியாக இருக்கும். மழையளவை எரா-5 மீட்டரில் தரும். எதிர்காலக் கணிப்புகளின் பன்னாட்டுத் தொகுப்பு சதுர மீட்டருக்கு நொடிக்கு இத்தனை கிலோகிராம் என்று தரும், 86,400ஆல் பெருக்கினால்தான் நாளுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று வரும். நாள் என்பதுகூட ஒன்றல்ல. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைநாள் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை, பதிவாவது முடியும் தேதியில். 2015 டிசம்பர் 1ஆம் தேதி சென்னையை மூழ்கடித்த மழையில் தாம்பரத்தில் பெய்த 49 சென்டிமீட்டர் அந்த அட்டவணையில் டிசம்பர் 2இல்தான் இருக்கிறது. கிரீன்விச் நேரப்படி நள்ளிரவில் தொடங்கும் எரா-5 நாளோ இந்திய நேரத்தில் காலை 5.30க்குத் தொடங்கும். இரண்டையும் தேதி பார்த்து ஒப்பிட்டவர், மாதிரிக்கு மழையே தெரியவில்லை என்று முடிவுக்கு வந்துவிடுவார்.

இத்தகைய பிழைகளில் கணினி ஒருபோதும் குரல் கொடுப்பதில்லை. நிரல் சுத்தமாக ஓடி முடியும். ஆகவே முழுத் தரவில் ஓட்டுவதற்கு முன், சிறிய தரவில், விடை ஏற்கெனவே தெரிந்த கேள்வியைக் கேட்டுப் பார்க்கும் பழக்கத்தை நல்ல வழிகாட்டிகள் முதல் வாரத்திலேயே ஏற்படுத்துகிறார்கள். உலகின் சராசரித் தரை வெப்பநிலை 14 டிகிரி செல்சியஸை ஒட்டி வர வேண்டும். பல டிகிரி குறைந்தால், துருவத்தை நெருங்கும்போது கட்டத்தின் பரப்பு சுருங்குவதை மாணவர் மறந்திருக்கிறார்; 60 டிகிரி அட்சரேகையில் ஒரு கட்டம் நிலநடுக்கோட்டில் உள்ளதில் பாதிதான். உலகச் சராசரி மழை நாளுக்கு 3 மில்லிமீட்டரை ஒட்டி வர வேண்டும். மாதச் சராசரிகளின் நீண்ட தொடரில் 1991 பினட்டுபோ எரிமலைக்குப் பிந்தைய குளிர்ச்சியும் 1997-98 எல் நினோவின் வெப்பமும் கண்ணில் பட வேண்டும். படவில்லை என்றால் சூப்பர் கம்ப்யூட்டருக்குப் போகும் நேரம் இன்னும் வரவில்லை.

சொல்லிக்கொடுக்கும் முறையில் ஒரு நுட்பம் உண்டு, அதைப் பற்றி வழிகாட்டிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடும் உண்டு: எப்போது தலையிடுவது? விசைப்பலகையை வாங்கித் தானே தட்டிவிடும் மூத்தவரிடம் மாணவர் அதிகம் கற்பதில்லை. தவிக்கட்டும், அதுதான் கல்வி என்று விட்டுவிடுபவர் 11 வாரத்தில் மூன்றை வீணாக்கிவிடுவார். பிழைச்செய்தியின் வகையைப் பார்த்து முடிவெடுப்பதே நடைமுறையில் பலன் தருகிறது. நூலகத்தின் பதிப்புப் பொருந்தவில்லை, அனுமதி இல்லை, வரிசையின் பெயர் தவறு என்பவற்றில் கற்க ஒன்றுமில்லை, உடனே தீர்த்துவைக்கலாம். நினைவகம் போதவில்லை, நேரம் தீர்ந்தது, விடை நம்பும்படியாக இல்லை என்பவற்றில் மாணவர் ஒரு மணி நேரமாவது தாமே மல்லுக்கட்ட வேண்டும். கேட்கத் தயங்கும் மாணவர்தான் உண்மையில் கடினம். பெரிய கணினியை முன்பின் பார்த்திராத சிறு கல்லூரியிலிருந்து வருபவர், மற்றவர்களுக்கெல்லாம் தெரியும் என்று எண்ணி வாயைத் திறக்கமாட்டார். அன்றாடம் ஒரு சிறு சந்திப்பு வைத்து, நேற்று எது ஓடவில்லை என்பதையே முதல் கேள்வியாக்குவது அந்தத் தயக்கத்தைக் கரைக்கும். வழிகாட்டியும் தன் பங்குக்கு நேற்றுத் தனக்கு ஓடாததைச் சொன்னால் இன்னும் விரைவாக.

கடைசி வாரங்கள் வேறு வேலைக்குரியவை. மாணவர் தன் திட்டத்தைப் பற்றி ஓர் உரை நிகழ்த்த வேண்டும், சுவரொட்டியும் தயாராக வேண்டும். இவற்றுக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூடக் கிடைக்காதது நிரலை ஒப்படைக்கும் வேலை. தற்காலிக வட்டுப் பகுதியில் நீண்ட காலம் தொடாமல் கிடக்கும் கோப்புகளைக் கணினி தானாகவே அழித்துவிடும்; மாணவரின் கணக்கும் கோடையோடு மூடப்படும். ஆகவே நிரல், எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு, எந்தத் தரவுக் கோப்பு, எத்தனை நோடில் எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற குறிப்பு எல்லாம் கிட் என்ற நிரல்-பதிப்புக் களஞ்சியத்தில் ஏறியிருக்க வேண்டும். ஏறியது போதுமா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது: திட்டத்தில் சம்பந்தப்படாத இன்னொரு மாணவர் தன் கணக்கில் அந்தக் களஞ்சியத்தை இறக்கி, குறிப்பைப் படித்து, வரிசையில் வேலையைப் போட்டு, அதே படத்தை வரவழைக்க வேண்டும். அவர் ஓட்டி முடிக்கும்வரை நிரலை எழுதியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம், பேசக் கூடாது.